வானமே கூரையாய் வாழ்ந்தவர்

பொன்னுக்கு ஆசைப்படுபவர் உண்டு. புகழுக்கு ஆசைப்படுபவர் உண்டு. பதவிக்கு ஆசைப்படுபவரும் உண்டு. ஆனால் ஒரு கூடாரம், ஒரு விறகடுப்பு, தலைக்கு மேலே நட்சத்திரங்கள் நிறைந்த வானம் ஆகிய இவற்றுக்கு மட்டுமே சிறு வயது முதல் ஆசைப்பட்டு, அந்த ஆசையை 83 வயது வரை கைவிடாத ஒருவர் இருந்தார். அவர்தாம் சாரணர் இயக்கத்தின் தந்தை என உலகம் போற்றும் பேடன் பவல் பிரபு.

ஆண்டுதோறும் பிப்ரவரி 22ஆம் நாள் சாரணியராகிய நாம் அவருடைய படத்திற்கு மாலை அணிவிக்கிறோம். அகன்ற தொப்பியும் அரைக்கால் சட்டையும் அணிந்த அந்தப் பெரியவர் செய்ததுதான் என்ன? தமக்குக் கிடைத்த ஓர் இன்பத்தைத் தம்மோடு வைத்துக்கொள்ளாமல், ஊர் பேர் தெரியாத கோடிக்கணக்கான சிறுவர் சிறுமியருக்கு வழங்கினார். அந்த இன்பத்தில் முதலில் நமக்குப் பங்கு இருக்கவில்லை என்பதும், அதை நம்மைப் போன்ற சிறுமியர் கேட்டுப் பெற்றனர் என்பதும் நம்மில் பலர் அறியாத செய்திகள். அவற்றையும் சேர்த்து அவருடைய வரலாற்றை இங்கே காண்போம்.

இளமையும் கல்வியும்

இலண்டன் மாநகரில் 1857ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 22ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் குருவானவர், ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் வடிவ கணிதப் பேராசிரியர். தாயார் ஹென்றியெட்டா கிரேஸ், கடற்படைத் தளபதி ஒருவரின் மகள். புகழ்பெற்ற இரயில்வேப் பொறியாளர் ராபர்ட் ஸ்டீபன்சன் ஞானத்தந்தையாக இருந்ததால், குழந்தைக்கு ராபர்ட் ஸ்டீபன்சன் ஸ்மித் பேடன் பவல் என்று நீண்ட பெயர் அமைந்தது. மூன்று வயதில் அவர் தந்தையை இழந்தார். அதன் பிறகு அத்தனை பிள்ளைகளையும் தாயாரே தனித்து நின்று வளர்த்தார். பிற்காலத்தில் தாம் அடைந்த சிறப்புக்கெல்லாம் தம் தாயாரே காரணம் என்று அவர் நன்றியுடன் நினைவுகூர்வது வழக்கம்.

விளையும் பயிர் முளையிலே தெரியும் அன்றோ? 1870ஆம் ஆண்டு சார்ட்டர்ஹவுஸ் என்னும் பள்ளியில் உதவிச் சம்பளம் பெற்று அவர் சேர்ந்தார். இரண்டாண்டுகளுக்குப் பின் அப்பள்ளி இலண்டனை விட்டு காடால்மிங் என்னும் ஊருக்கு மாறியது. புதிய பள்ளியை ஒட்டி ஒரு சிறு காடு இருந்தது. மாணவர்கள் அங்கே போகக்கூடாது என்பது விதி. நம் சிறுவரோ ஓய்வு கிடைத்த போதெல்லாம் அங்கேதான் இருந்தார். ஓசையின்றி ஊர்ந்து பறவைகளையும் விலங்குகளையும் அருகிலிருந்து கண்டார். கண்ணி வைத்து முயல் பிடித்தார். ஆசிரியர்கள் கண்டுபிடித்துவிடாதபடி புகை எழாமல் தீ மூட்டி அதைச் சமைத்து உண்டார். விதியை மீறியது சரியென்று நாம் சொல்லவரவில்லை. (நம் பள்ளியில் அப்படிச் செய்தால் என்ன நேரும் என்பதும் நமக்குத் தெரியும்!) ஆனால் வகுப்பறையில் கற்றதைவிட அந்தக் காட்டில் கற்றதே பிற்காலத்தில் அவருக்குப் பெரிதும் உதவியது என்பது உண்மை.

விடுமுறை வந்தால் அண்ணன்மாரோடு படகில் ஏறிவிடுவார். தேம்சு நதியின் வழியே எதிர்நீரில் துடுப்பு வலித்துச் செல்வதும், கரையில் இறங்கித் தாமே சமைப்பதும், திறந்த வெளியில் உறங்குவதும் அவர்களுக்கு வழக்கமாயின. தம்பியாகப் பிறந்தவருக்குப் பாத்திரம் கழுவும் வேலைதான் முதலில் கிடைத்திருக்கும் என்று எண்ணும்போது நமக்குச் சிரிப்பு வருகிறது. வீட்டில் கடைக்குட்டிகளாய் இருப்பவர்களுக்கு இது நன்றாகப் புரியும்.

படை வாழ்க்கை

ஆக்ஸ்போர்டில் படிக்க அவருக்கு இடம் கிடைக்கவில்லை. மனம் தளராமல் படைத் தேர்வை எழுதினார். மிக நல்ல மதிப்பெண் பெற்றதால் பயிற்சிக் கல்லூரிக்கே செல்லாமல் நேரடியாக அதிகாரியாக நியமிக்கப்பட்டார். 1876ஆம் ஆண்டு 19 வயது இளைஞராக அவர் வந்து இறங்கிய நாடு எது தெரியுமா? நம் இந்திய நாடுதான். லக்னோ நகரில் இருந்த 13ஆம் ஹுஸ்ஸார் குதிரைப்படையில் அவர் பணியில் சேர்ந்தார்.

படையில் அவருக்கு மிகவும் பிடித்த வேலை வேவு பார்த்தல். சாய்ந்த புல்லையும் பதிந்த காலடியையும் பார்த்து, அவ்வழியே போனவர் யார், எப்போது போனார் என்று கண்டறியும் கலையில் அவர் தேர்ந்தார். இரண்டு கைகளாலும் படம் வரையும் ஆற்றலும் அவருக்கு இருந்தது. ஒருமுறை, பூச்சி பிடிக்கும் வலையும் வரைபட ஏடும் கையிலேந்தி, வண்ணத்துப்பூச்சி ஆராய்ச்சி செய்பவரைப் போல எதிரியின் கோட்டையருகே உலவினார். அவர் வரைந்த வண்ணத்துப்பூச்சியின் சிறகுக் கோடுகளுக்குள்ளே கோட்டையின் வரைபடமும் பீரங்கிகள் இருந்த இடங்களும் மறைந்திருந்தன. இயற்கையை உற்றுநோக்கும் கண் இல்லாதவருக்கு இது கைகூடுமா?

1896ஆம் ஆண்டு ஆப்பிரிக்காவில், இன்று ஜிம்பாப்வே எனப்படும் நாட்டின் மட்டோபோ மலைகளில், பர்ன்ஹாம் என்னும் அமெரிக்க வழிகாட்டியிடம் காட்டு வாழ்க்கையின் நுணுக்கங்களை அவர் மேலும் கற்றார். 1899ஆம் ஆண்டு அக்டோபர் 13ஆம் நாள் தென்னாப்பிரிக்காவில் மேஃபெக்கிங் என்ற சிறு நகரைப் போயர் படையினர் முற்றுகையிட்டனர். உள்ளே இருந்த படைக்குத் தலைவர் பேடன் பவல். முற்றுகை 217 நாட்கள் நீடித்தது. வீரர்கள் குறைவாக இருந்ததால், நகரத்துச் சிறுவர்களுக்குச் சீருடை அளித்து, செய்தி கொண்டு செல்லும் பணியில் அமர்த்தினர். முதலில் கழுதைகளிலும் பிறகு மிதிவண்டிகளிலும் குண்டுகளுக்கு நடுவே அச்சிறுவர்கள் சென்றுவந்தனர். முற்றுகை நாட்களில் அந்நகரில் அச்சிட்ட அஞ்சல்தலை ஒன்றில் மிதிவண்டியில் அமர்ந்த சிறுவனின் உருவமே இடம்பெற்றது. சிறுவரை நம்பிப் பொறுப்பை ஒப்படைத்தால் அவர்கள் அதற்குத் தகுதியானவர்களாக உயர்ந்துவிடுவர் என்ற பாடத்தை அவர் அங்கே கற்றார்.

1900ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் முற்றுகை நீங்கியது. இங்கிலாந்து முழுவதும் அவருடைய பெயரே பேச்சாயிற்று. எனினும் ஒரு வரலாற்றை எழுதும்போது வெளிச்சத்தை மட்டும் எழுதி நிழலை விட்டுவிடலாகாது. முற்றுகைக் காலத்தில் அந்நகரிலிருந்த ஆப்பிரிக்க மக்களுக்குக் கிடைத்த உணவு வெள்ளையருக்குக் கிடைத்ததைவிடக் குறைவு. அவர்களில் பலர் பட்டினியால் மாண்டனர். இதற்காக வரலாற்றாசிரியர்கள் அவரைக் குறை கூறியுள்ளனர். பிறர் நாடுகளைப் பிடித்தாண்ட ஒரு பேரரசின் படைவீரர் அவர். அந்தப் படையின் குறைகள் அவரிடமும் இருந்தன. அப்படிப்பட்டவர் போர்க்கலையாகக் கற்றதைச் சமாதானக் கலையாக மாற்றினார் என்பதுதான் அவருடைய வாழ்வில் நம்மை வியக்க வைக்கிறது.

தீவில் ஒரு முகாம்

படைவீரர்களுக்காக அவர் எழுதிய வேவுக்கலை நூலை, இங்கிலாந்து திரும்பியபோது, ஆசிரியர்களும் சிறுவர்களும் ஆவலுடன் படித்துக்கொண்டிருக்கக் கண்டார். போர் இல்லாமலே இக்கலையைச் சிறுவர்களுக்குக் கற்பித்தால் என்ன என்று எண்ணினார். எண்ணியதை ஏட்டில் மட்டும் எழுதாமல் செய்து பார்க்க விரும்பினார்.

1907ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள பிரௌன்சி என்னும் சிறு தீவுக்கு ஏறத்தாழ 20 சிறுவர்களை அழைத்துச் சென்றார். அவர்களில் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் இருந்தனர். உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளும் இருந்தனர். வர்க்க வேறுபாடு மிகுந்திருந்த அந்நாளைய இங்கிலாந்தில் இது புதுமை. ஓநாய், காளை, காக்கை, உள்ளான் போன்ற நீண்ட அலகுடைய கடற்கரைப் பறவை என்று நான்கு அணிகளாக அவர்களைப் பிரித்தார். ஒவ்வோர் அணிக்கும் ஒரு சிறுவனே தலைவன். ஒரே கூடாரத்தில் உறங்கி, ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே பானையில் உண்டபோது யார் வீட்டுப் பிள்ளை யார் என்ற வேற்றுமை மறைந்தது.

ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த குடு மானின் திருகுக் கொம்பை ஊதி விடியற்காலையில் அவரே அவர்களை எழுப்புவார். முடிச்சுப் போடுதல், திசை அறிதல், விலங்குகளின் தடம் காணல், முதலுதவி, நீரில் மூழ்குபவரைக் காத்தல் எனப் பகல் முழுவதும் பயிற்சி நடந்தது. இரவில் தீ வளர்த்துச் சுற்றி அமர்ந்து, தம் அனுபவங்களைக் கதையாகச் சொல்வார். அப்போது அவருக்கு வயது 50. பெரும் படைத்தலைவர் ஒருவர் பிள்ளைகளோடு பிள்ளையாய் மண்ணில் அமர்ந்திருந்த காட்சியை நினைத்துப் பாருங்கள்!

முகாம் முடிந்து புறப்படும்போது எடுத்த புல்தரையை மீண்டும் பதித்து, அடுப்புக்குழியை மூடி, குப்பை ஒரு துளியும் இல்லாமல் செய்து, இடத்தைத் தந்தவருக்கு நன்றி கூறிவிட்டே செல்ல வேண்டும் என்பதை அவர் கண்டிப்பாகக் கற்பித்தார். சுற்றுச்சூழல் பாதுகாப்பு என்ற சொல் பிறக்கும் முன்னரே அவர் வகுத்த ஒழுக்கம் இது.

1908ஆம் ஆண்டு சனவரியில், சிறுவர்களுக்கான சாரணக் கலையைப் பற்றிய அவருடைய நூல் ஆறு சிறு பகுதிகளாக வெளிவரத் தொடங்கியது. காசு சேர்த்து அதை வாங்கிய சிறுவர்கள் யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் ஆங்காங்கே தாமே அணிகள் அமைத்துக்கொண்டனர். காட்டுத்தீ போல இயக்கம் பரவியது.

அழையாமல் வந்த சிறுமியர்

இப்போது நம் பங்குக்கு வருவோம். 1909ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள் இலண்டனில் பளிங்கு மாளிகை எனப்பட்ட கிறிஸ்டல் பேலஸ் மைதானத்தில் சாரணர் பேரணி நடந்தது. 10,000க்கும் மேற்பட்ட சிறுவர்கள் அணிவகுத்தனர். அவர்களுக்கிடையே தொப்பியும் கழுத்துக்குட்டையும் அணிந்து ஒரு சிறு கூட்டம் சிறுமியர் நின்றிருந்தனர். அவர்களை யாரும் அழைக்கவில்லை. தாங்களே நூலைப் படித்து, தாங்களே பழகி, தாங்களே வந்திருந்தனர். யார் நீங்கள் என்று பேடன் பவல் வினவ, தாங்களும் சாரணர்களே என்று அஞ்சாமல் விடையளித்தனர்.

அது எப்படிப்பட்ட காலம் என்பதை நாம் நினைக்க வேண்டும். கணுக்கால் வரை தொங்கும் பாவாடையே அன்றைய பெண்பிள்ளைகளின் உடை. ஓடுவதும் குதிப்பதும் குடும்பப் பெண்ணுக்கு ஆகாது என்பதே ஊரார் எண்ணம். கூடாரத்தில் தங்குவதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இங்கிலாந்தில் பெண்களுக்கு வாக்குரிமைகூட இல்லை. பேடன் பவல்கூடத் தம் நூலைச் சிறுவர்களை மனத்தில் வைத்தே எழுதியிருந்தார். சிறுமியரைச் சிறுவர்களின் இயக்கத்தில் சேர்க்க அவர் இசையவில்லை. ஆனால் அவர்களைத் திருப்பியும் அனுப்பிவிடவில்லை. அவர்களுக்கெனத் தனி இயக்கம் வேண்டுமென்று முடிவு செய்து, 1910ஆம் ஆண்டு தம் தங்கை ஆக்னஸ் அம்மையாரின் பொறுப்பில் அதைத் தொடங்கினார். பலூனில் ஏறி வானில் பறந்த துணிச்சல்காரர் ஆக்னஸ். அவருக்குக் கூடாரம் ஒரு பொருட்டா?

அச்சிறுமியரில் பலரின் பெயர்கள் வரலாற்றில் இல்லை. அன்று அவர்கள் வெட்கப்பட்டு வீட்டிலேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மறுநாள் கூடாரம் கட்ட எழுந்து நிற்கும் ஒவ்வொரு சாரணியும் அவர்களுக்குக் கடன்பட்டவள் அல்லவா? தட்டியவர்களுக்குத்தான் கதவு திறந்தது. தட்டிய கையும் பெரியது. திறந்த கையும் பெரியது.

ஏற்ற துணைவியார்

1912ஆம் ஆண்டு கப்பல் பயணம் ஒன்றில் ஓலாவ் சோம்ஸ் என்னும் நங்கையை அவர் சந்தித்தார். அவர் பிறந்த நாளும் பிப்ரவரி 22 என்பது இனிய ஒற்றுமை. வயதில் 32 ஆண்டுகள் வேறுபாடு இருந்தும் இருவர் மனமும் ஒன்றாயின. அதே ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் திருமணம் நடந்தது. புதுமணத் தம்பதியர் மாட மாளிகைகளை நாடவில்லை; வட ஆப்பிரிக்காவின் அல்ஜீரியாவுக்குச் சென்று பாலைவனத்தில் கூடாரம் அடித்துத் தங்கினர்! அவர்களுக்கு ஓர் ஆணும் இரு பெண்களுமாக மூன்று குழந்தைகள். ஓலாவ் அம்மையார் பின்னர் சாரணியர் இயக்கத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்று, 1930ஆம் ஆண்டு உலகத் தலைமைச் சாரணியராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

முதல் உலகப் போர் முடிந்ததும் அவர்கள் ஒரு வீட்டை வாங்கினர். சமாதானம் கிடைத்த மகிழ்ச்சியில் அதற்கு லத்தீன் மொழியில் சமாதானம் எனப் பொருள்படும் சொல்லை வைத்து பாக்ஸ் ஹில் என்று பெயரிட்டனர். வீட்டில் அறைகளுக்குக் குறைவில்லை. ஆயினும் பேடன் பவல் மழையிலும் பனியிலும் திறந்த மேல்மாடத்திலேயே உறங்கினார். வீடு கட்டினாலும் கூடாரத்தை மறக்காத மனம் அது!

இந்தியாவும் அவரும்

இந்தியாவில் 1909ஆம் ஆண்டே சாரணர் இயக்கம் கால்வைத்தது. ஜபல்பூரில் 1911ஆம் ஆண்டு சாரணியர் அணி தோன்றியது. ஆனால் தொடக்கத்தில் ஐரோப்பியரின் பிள்ளைகளுக்கும் ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்குமே அவற்றில் இடம். இந்த மண்ணில் பிறந்த இந்தியப் பிள்ளை இந்த மண்ணில் கூடாரம் அடிக்கக் கூடாதா? இக்கேள்வியை எழுப்பியவர்களுள் ஒருவர் அன்னி பெசன்ட் அம்மையார். அவர் வாளாவிருக்கவில்லை. சென்னையில் இந்தியச் சிறுவர்களுக்கென்றே தனிச் சாரணர் சங்கம் ஒன்றை அமைத்தார். நம் நாட்டுத் தலைப்பாகையும் நம் நாட்டுப் பாடல்களும் அதில் இடம்பெற்றன. 1921ஆம் ஆண்டு பேடன் பவல் இந்தியாவுக்கு வருகை தந்தபோது அச்சங்கம் அவருடைய இயக்கத்தோடு இணைந்தது. இங்கும் வெளியே நிறுத்தப்பட்டவர்களே வாயிலைத் திறக்கச் செய்தனர் என்பதைக் கவனிக்க வேண்டும். நாடு விடுதலை பெற்றபின், 1950ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் பாரத சாரணர் இயக்கம் ஒன்றுபட்டு அமைந்தது. 1951ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் சாரணியரும் அதில் இணைந்தனர்.

சேற்றிலும் சிரிப்பு

1920ஆம் ஆண்டு இலண்டனில் கூடிய பல நாட்டுச் சாரணர்கள் அவரை உலகத் தலைமைச் சாரணராகத் தேர்ந்தெடுத்தனர். இயக்கம் பிறந்து 21 ஆண்டுகள் நிறைந்ததை 1929ஆம் ஆண்டு ஏரோ பார்க் என்னுமிடத்தில் பெருவிழாவாகக் கொண்டாடினர். மழை கொட்டித் தீர்த்தது. பல்லாயிரம் சாரணர் முழங்கால் சேற்றில் நடந்தனர். ஆனால் முகம் சுளித்தவர் இல்லை.

அவ்விழாவில் அவருக்குப் பரிசளிக்கச் சாரணர்கள் விரும்பினர். என்ன தேவை என்று கேட்டதற்கு, கால்சட்டையைத் தாங்கும் தோள்பட்டை வார் மட்டும்தான் தேவை என்ற விடை வந்ததாம். உலகெங்கும் சாரணர்கள் ஆளுக்கொரு பென்னி போட்டு ஒரு மோட்டார் வண்டியும், அதன் பின்னே இழுத்துச் செல்லும் ஒரு வீட்டு வண்டியும் வாங்கித் தந்தனர். போகுமிடமெல்லாம் முகாம் அடிப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான பரிசு ஏது? கேட்ட தோள்வாரையும் மறக்காமல் கொடுத்தனர்! அரசாங்கம் அளித்த பிரபு பட்டத்தோடு சாரணர் பயிற்சி முகாம் அமைந்திருந்த கில்வெல் என்னும் வனப்பகுதியின் பெயரையே அவர் சேர்த்துக்கொண்டார்.

இறுதி நாட்கள்

முதுமையும் நோயும் வந்தபோது, தம் நெஞ்சுக்கு இனிய ஆப்பிரிக்காவுக்கே 1938ஆம் ஆண்டு அவர் திரும்பினார். கென்யா நாட்டில் நியேரி என்னும் ஊரில் பாக்ஸ்டு என்ற சிறு குடில் அவர்களுக்கு அமைந்தது. எதிரே பனி மூடிய கென்ய மலை. குடிலின் முன் அமர்ந்து பறவைகளையும் விலங்குகளையும் படமாக வரைவதே அவருடைய பொழுதுபோக்கு. சார்ட்டர்ஹவுஸ் காட்டில் ஒளிந்திருந்து பறவை பார்த்த அதே சிறுவன்தான் அங்கும் அமர்ந்திருந்தான் எனலாம். 1941ஆம் ஆண்டு சனவரி 8ஆம் நாள் அவர் அமைதியாகக் கண்மூடினார்.

அவருடைய கல்லறையில் ஒரு வட்டமும் அதன் நடுவே ஒரு புள்ளியும் செதுக்கப்பட்டுள்ளன. வழித்தடம் காட்டும் சாரணர் குறிகளில் அதற்கு, வீடு திரும்பிவிட்டேன் என்று பொருள். 1977ஆம் ஆண்டு மறைந்த ஓலாவ் அம்மையாரின் சாம்பலும் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டது. குமாவுன் காடுகளின் ஆட்கொல்லிப் புலிகளைப் பற்றி எழுதிய ஜிம் கார்பெட் தம் கடைசி நாட்களில் அந்தக் குடிலிலேயே வாழ்ந்து, அதே கல்லறைத் தோட்டத்தில் துயில்கிறார்.

நாம் பெறும் பாடம்

இன்று 150க்கும் மேற்பட்ட நாடுகளில் சாரணரும் சாரணியரும் உள்ளனர். பிரிட்டனின் சாரணர் இயக்கமே 1991ஆம் ஆண்டு முதல் சிறுமியரையும் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியது. பளிங்கு மாளிகை மைதானத்தில் நின்ற சிறுமியர் கேட்டது 82 ஆண்டுகளுக்குப் பின் கைகூடியது.

ஆனால் நம் வீடுகளில் இன்னும் ஒரு கேள்வி உண்டு. பெண்பிள்ளையை வெளியூர் முகாமுக்கு அனுப்புவதா? மூன்று இரவு கூடாரத்தில் படுக்க வைப்பதா? இக்கேள்வி அன்பினால் எழுவது என்பதை நாம் அறிவோம். அன்புள்ள பெற்றோர்களே, முகாமுக்குச் சென்ற உங்கள் மகள் ஈர விறகில் அடுப்பு மூட்டக் கற்கிறாள். இருட்டில் திசை அறியக் கற்கிறாள். தோழியின் காலில் முள் தைத்தால் பதறாமல் மருந்திடக் கற்கிறாள். தன் பங்குச் சோற்றைப் பகிர்ந்துண்ணக் கற்கிறாள். நாளை அவள் எந்த ஊரில், எந்த வீட்டில், எந்த வேலையில் இருந்தாலும் இவை அவளைக் கைவிடா.

அருமைத் தோழியரே! வானத்துக்கு வாயிற்கதவு இல்லை. நட்சத்திரங்கள் ஆண், பெண் என்றோ வெள்ளையர், கறுப்பர் என்றோ பார்த்து ஒளிர்வதில்லை. அந்த வானத்தின் கீழ் வாழும் இன்பத்தைத் தாமும் துய்த்து, பிறரும் துய்க்க வழிசெய்தவர் பேடன் பவல். நாமும் அடுத்த முகாமுக்குப் பெயர் கொடுப்போம். கூடார முளையை உறுதியாக அடிப்போம். திரும்பும்போது அந்த இடத்தை, நாம் வந்த சுவடே தெரியாதபடி தூய்மையாக விட்டு வருவோம்.

— பத்தாம் வகுப்பு மாணவி